அப்பாவின் காரில் ஹீட்டர் வராத வாரம்

என் அம்மா பேசுவது காருக்குள் மட்டும்தான். வீட்டில் அவளைப் பிடித்து உட்கார வைத்து ஒரு வார்த்தை வாங்க முடியாது. கையில் துடைக்கும் துணியோடு ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போய்க்கொண்டே இருப்பாள். "என்னம்மா யோசனை?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லடி, கொஞ்சம் காலைத் தூக்கு, துடைச்சுடுறேன்" என்பாள். ஆனால் காரில் ஏறி, கதவைச் சாத்தி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள் என்றால் போதும். அங்கே துடைக்க ஒன்றும் இல்லை, அடுப்பு இல்லை, பாதியில் எழுந்து போக வழியும் இல்லை. பேச ஆரம்பித்துவிடுவாள். அவள் அக்கா யாருக்கும் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட கதை, அப்பாவை முதன்முதலில் பார்த்தபோது 'அடேயப்பா, எவ்வளவு பெரிய காது' என்று நினைத்த கதை, நான் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் மின்சாரம் போன கதை எல்லாமே எனக்குக் காரின் பின்சீட்டில் கிடைத்தவைதான்.

அந்தக் கார் அப்பாவுடையது. வெளிறிப்போன நீலம், நாலு கதவு, பின்சீட்டின் நடுவில் எப்போதும் முட்டிக்கொண்டு நிற்கும் ஒரு ஸ்பிரிங். அப்பாவுக்குத் தராசு பழுது பார்க்கும் வேலை. கடைத் தராசிலிருந்து லாரியை அப்படியே ஏற்றி எடை போடும் மேடை வரைக்கும் ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பார். தராசுக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைத் தொடங்கினாலும் அதற்கு முன்னால் முள் பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அப்பா அந்த வியாதியைக் காருக்கும் கொண்டுவந்துவிட்டார். சாவியைத் திருப்புவதற்கு முன்னால் ரேடியோ, வைப்பர், விளக்கு, ஹீட்டர் எல்லாம் பூஜ்ஜியத்தில் இருக்க வேண்டும். காரை விட்டு இறங்குவதற்கு முன்னாலும் அப்படியே. "எல்லாம் பூஜ்ஜியமா?" என்று கேட்பார். நானும் தம்பியும் பின்னாலிருந்து "பூஜ்ஜியம்!" என்று கத்த வேண்டும். கத்தாமல் நாங்கள் கதவைத் திறந்து இறங்கியதாக எனக்கு நினைவில்லை.

ஹீட்டர் விஷயத்தில் அவர் இன்னும் கறார். ஹீட்டர் போட்டால் எஞ்சினுக்குப் பாரம் என்பது அவருடைய கட்சி. எஞ்சின் எப்படியும் கொதிக்கிறது, வீணாகப் போகிற சூட்டைத்தான் உள்ளே ஊதுகிறோம், அதில் பாரம் ஒன்றும் இல்லை என்று பத்தாம் வகுப்பு படிக்கும்போது நான் விளக்கிச் சொன்னேன். "அப்படியா? அந்தப் புத்தகம் எழுதினவர் வண்டியில ஏறும்போது போட்டுக்கோ" என்றார். பல் தந்தியடிக்கிற சத்தம் காதில் விழுந்தால்தான் ஹீட்டர். அதற்காக நானும் தம்பியும் இல்லாத குளிருக்கெல்லாம் பல்லைக் கடகடவென்று ஆட்டுவோம். இவ்வளவு பெரிய காதை வைத்துக்கொண்டு, "முன்னாடி ஒண்ணும் கேக்கலையே" என்பார். கடைசியில் அம்மா எங்களுக்காகப் பரிந்து பேசி ஒரு பத்து நிமிடம் வாங்கிக் கொடுப்பாள். பத்து நிமிடம் முடிந்ததும் குமிழ் மறுபடியும் பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். மீதி வழியெல்லாம் ஒரே கம்பளிக்குள் நானும் தம்பியும், முன்னால் அம்மாவின் குரலும். வாழ்க்கையில் எங்கே சந்தோஷமாக இருந்தாய் என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் அந்தப் பின்சீட்டைத்தான் சொல்வேன்.

அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. கார் அன்றிலிருந்து அம்மா இருந்த வாடகை வீட்டின் பக்கத்துக் கொட்டகையில் நின்றது. அம்மா தனியாக இருந்தாள். நான் இருப்பது நாலாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. அம்மாவின் முட்டிகள் முதல் மாடியிலேயே கையை விரித்துவிடும். தம்பியின் வீடு தரைத்தளம். அம்மாவுக்கென்று ஜன்னல் வைத்த அறை ஒன்றை அவனும் அவன் மனைவியும் சுண்ணாம்பு அடித்துத் தயாராக வைத்திருந்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மா அங்கே போய்விடுவது என்று முடிவாகியிருந்தது. யார் மேலும் குறை சொல்ல முடியாத ஏற்பாடு. எனக்கு எரிச்சலே அதுதான். சண்டை போட்டு மனதை ஆற்றிக்கொள்ளக்கூட ஆள் இல்லை.

தம்பி வீட்டுக்கு ஐந்து மணி நேரப் பாதை, அதில் பாதி மலைமேல். அவனே வந்து அம்மாவைக் கூட்டிப் போவதாகச் சொன்னான். அவனுடைய காரில் சீட்டே சூடாகும். பிள்ளைகள் பார்க்கப் பின்னால் திரை இருக்கிறது. வழி சொல்ல ஒரு பெண் குரல் இருக்கிறது. அந்தக் காரில் அம்மா வாயைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. அந்தப் பெண் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசினால் மரியாதை இல்லை என்று நினைத்தாளோ என்னவோ.

"வேண்டாம்டா, அப்பா வண்டியில நானே கொண்டுவந்து விடுறேன்" என்றேன்.

"அந்த வண்டியிலயா? அக்கா, அது ரெண்டு வருஷமா நின்னுட்டு இருக்கு."

"ரேடியேட்டர் மாத்தியாச்சு. ஓடுது."

"ஏன்க்கா உனக்கு இந்த வீண் வேலை?"

ஏன் என்று அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் புரிந்துகொள்வான், புரிந்துகொண்டு பாவப்படுவான், அதை நான் தாங்கமாட்டேன். எனக்கு அந்த ஐந்து மணி நேரம் வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அம்மாவைப் பார்க்கப் போனால் கூடத்தில் எல்லாரும் இருப்பார்கள். நானும் அவளும் மட்டும் உட்காருகிற இடம் என்று ஒன்று இனி இருக்கப்போவதில்லை. அந்தக் குரலைக் கடைசியாக ஒரு தடவை, அந்தக் காருக்குள், வழி முழுக்கக் கேட்டுவிட வேண்டும். வேறு ஆசை எதுவும் இல்லை.

காரை மூன்று வாரத்துக்கு முன்பே பட்டறைக்கு இழுத்துப் போயிருந்தேன். எங்கள் மெக்கானிக் எதைக் கேட்டாலும் "பொறு" என்று தொடங்குவார். அதனால் வீட்டில் அவருக்குப் பொறுமை மாஸ்டர் என்று பெயர். நின்று நின்று ரேடியேட்டர் துருப்பிடித்து ஒழுகியது. அதை மாற்றினார். கூடவே வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் எல்லாம் புதிது. ஓட்டிப் பார்த்தோம். சூட்டு முள் நடுவில் ஆடாமல் நின்றது. அப்போது வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஹீட்டர் என்று ஒன்று இருப்பதே அவருக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் முதல் குளிர் விழுந்தது. வேலைக்குப் போகும் வழியில் ஹீட்டரைப் போட்டேன். ஃப்ரிட்ஜைத் திறந்து முகத்தை உள்ளே விட்ட மாதிரி காற்று வந்தது. சரி, எஞ்சின் சூடாகட்டும் என்று விட்டேன். எஞ்சின் சூடானது, ஊதிய காற்று சூடாகவில்லை. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு மாஸ்டருக்குப் போன் போட்டேன்.

"பொறும்மா" என்றார். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "இடுப்பு பிடிச்சுக்கிச்சு. மல்லாந்து படுத்துட்டு இருக்கேன். என்ன ஆச்சு?"

சொன்னேன்.

"காத்து வருதா?"

"வருது. சில்லுன்னு வருது."

"டேஷ்போர்டுக்குப் பின்னாடி களக் களக்னு சத்தம் கேக்குதா?"

கேட்டது. வெறும் வயிற்றில் தண்ணீர் குடித்தவர் நடக்கிற மாதிரி ஒரு சத்தம்.

"பானட்டைத் திற. எஞ்சினுக்குப் பின்னாடி ரெண்டு சின்ன ஹோஸ் உள்ள போகும். ரெண்டையும் தொட்டுப் பாரு. பாத்து, சுடும்."

ஒன்று சுட்டது. இன்னொன்று என் கையைவிடச் சில்லென்று இருந்தது.

"அதான் விஷயம்" என்றார். "எஞ்சின்ல சுடுற தண்ணி ஒரு ஹோஸ் வழியா ஹீட்டருக்கு வந்து, இன்னொண்ணு வழியாத் திரும்பணும். உனக்குத் திரும்பலை. ஒண்ணு, ரேடியேட்டர் மாத்தினப்போ உள்ள காத்து மாட்டியிருக்கும். இல்ல, ஹீட்டருக்குள்ள குட்டியா ஒரு ரேடியேட்டர் இருக்கு, அது துரு அடைச்சிருக்கும். காத்துன்னா நீயே எடுத்துடலாம். துருன்னா டேஷ்போர்டு மொத்தத்தையும் கழட்டணும், ரெண்டு நாள் வேலை. நான் எழுந்து உக்காரவே அடுத்த வாரம் ஆயிடும்."

"காத்தாவே இருக்கட்டும் மாஸ்டர்."

"பொறு, சொல்றதைக் கேளு. வண்டி மூக்கு மேல பாக்குற மாதிரி ஏத்தத்துல நிறுத்து. எஞ்சின் நல்லா ஆறினப்புறம் ரேடியேட்டர் மூடியைத் திற. சுடச்சுடத் திறந்தா மூஞ்சி வெந்துடும். அப்புறம் எஞ்சினை ஓட விடு. ஹீட்டர் குமிழ் முழு சூட்டுல இருக்கணும். இந்த வண்டியில அந்தக் குமிழைத் திருப்பினாத்தான் ஹீட்டருக்குத் தண்ணி போற வால்வே திறக்கும். காத்து முட்டை முட்டையா வெளிய வரும். தண்ணி இறங்க இறங்கக் கூலன்ட் ஊத்திட்டே இரு. முட்டை நின்னா மூடிடு. ரெண்டு மூணு தடவை பண்ணினாச் சரியாயிடும்."

எனக்கு எக்ஸ்ரே எடுக்கிற வேலை. "மூச்சை நல்லா இழுங்க, பிடிச்சுக்குங்க, அசையாதீங்க, ம்ம், விடுங்க" என்று ஒரு நாளைக்கு எழுபது தடவையாவது சொல்லியிருப்பேன். இந்தக் கார் யாரும் சொல்லாமலேயே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது. விடச் சொல்வதுதான் பெரும்பாடாகிவிட்டது.

புதன்கிழமை மாலை வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் சரிவில் காரை ஏற்றி நிறுத்தினேன். ஆறும் வரை காத்திருந்து, மூடியைத் திறந்து, மாஸ்டர் சொன்னபடி எல்லாம் செய்தேன். காற்று முட்டை வந்தது, நானும் ஊற்றினேன். நடுநடுவே உள்ளே போய் ஹீட்டரைப் போட்டு, காற்றுக்கு முன்னால் கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது. வாசல் காவல்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன மேடம், வண்டி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்குது? வீட்டுல ஏதாவது சண்டையா?" என்றார். எனக்கு இருந்த கடுப்பில் பானட்டுக்குள் இன்னும் குனிந்துகொண்டேன். வியாழக்கிழமையும் அதே சரிவு, அதே காவல்காரர், அதே சில்லென்ற காற்று.

"ரெண்டு தடவையும் வரலையா?" என்றார் மாஸ்டர். முதல் தடவையாகப் பொறு என்று சொல்லவில்லை. "அப்போ துருதான் போலிருக்கும்மா. இன்னும் ஒரே ஒரு தடவை பாரு. வரலைன்னா விட்டுடு."

வெள்ளிக்கிழமை தம்பி கூப்பிட்டான். "அக்கா, சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள சொல்லிடு. ஹீட்டர் இல்லாம அம்மாவை மலைமேல கூட்டிட்டு வராதே. போன குளிருக்கு பஸ்ல வந்தப்போ என்ன ஆச்சுன்னு தெரியும்ல?"

தெரியும். அன்றைக்கு மூன்று மணி நேரக் குளிரில் அம்மாவின் முட்டி இரண்டும் இறுகிப்போய், முன்பின் தெரியாத இரண்டு பேர் அவளைத் தூக்கித்தான் இறக்கினார்கள். அம்மா அன்றைக்கு வலிக்காக அழவில்லை. தூக்கினார்களே என்பதற்காக அழுதாள். அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. "சரிடா, மத்தியானத்துக்குள்ள சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை அம்மா வீட்டுக்குப் போனேன். வீடு முழுக்க அட்டைப்பெட்டி. ஜன்னல் திரைகளைக் கழற்றிவிட்டதால் அறைகளுக்குள் வெளிச்சம் அளவுக்கு மீறி வந்தது. நாற்காலிகளை முந்தின நாளே பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். துடைப்பதற்கு ஒன்றும் மிச்சம் இல்லாமல், துணியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அம்மா கூடத்தின் நடுவில் நின்றிருந்தாள்.

"உக்கார ஒரு இடம் இல்லடி" என்றாள்.

"கார்ல வந்து உக்காரு. நான் அதைக் கொஞ்சம் பாக்கணும்."

வீட்டு வாசல் தெருவே ஏற்றம்தான். காரின் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தி, அம்மாவைச் சால்வையோடு முன்சீட்டில் உட்கார வைத்து, பானட்டைத் திறந்தேன். முந்தின ராத்திரியே காரைக் கொண்டுவந்து அம்மா வீட்டுக் கொட்டகையில் விட்டிருந்ததால் எஞ்சின் ஆறித்தான் இருந்தது. மூடியைக் கழற்றினேன். உள்ளே போய் உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினேன். இறங்கினேன். ரேடியேட்டர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காற்று முட்டை இரண்டு வந்தது, ஊற்றினேன். சூடான பிறகு உள்ளே போய் ஹீட்டரைப் போட்டேன். சில்லென்று வந்தது. மறுபடியும் இறங்கினேன். ஊற்றினேன். உள்ளே போனேன். சில். இப்படி நாலு தடவை ஏறி இறங்கியிருப்பேன். மணி பதினொன்றரை ஆகிவிட்டது. ஐந்தாவது தடவை கதவில் கை வைத்தபோது அம்மா சிரித்தாள். ரொம்ப நாளாக நான் கேட்காத சிரிப்பு.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லடி. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் பொத்தான் பொத்தானா எல்லாத்தையும் பூஜ்ஜியத்துக்குத் திருப்பிட்டுத்தான் இறங்குற. அப்படியே உங்கப்பா."

கையைப் பார்த்தேன். இடது கை ஹீட்டர் குமிழின் மேல் இருந்தது. குமிழ் பூஜ்ஜியத்தில் இருந்தது. திருப்பியது நான்தான். திருப்பினேன் என்பதே எனக்குத் தெரியாது.

சாவியைத் திருப்புவதற்கு முன்னால் ஒரு பூஜ்ஜியம், இறங்குவதற்கு முன்னால் ஒரு பூஜ்ஜியம். ஹீட்டரைப் போட்டுப் பார்க்கிற அந்த அரை நிமிடம் மட்டும் வால்வு திறந்திருக்கிறது. நான் இறங்கிப் போய்க் கூலன்ட்டை ஊற்றும்போதெல்லாம் மூடிக்கொண்டிருக்கிறது. முழு சூட்டில் இருக்கணும் என்று மாஸ்டர் தெளிவாகத்தான் சொன்னார். அது என் தலைக்குப் புரிந்தது, கைக்கு யாரும் சொல்லவில்லை. உலகத்தில் வேறு யார் செய்தாலும் அந்தக் காற்று புதன்கிழமையே வெளியே போயிருக்கும். தராசுக்காரர் மகள் செய்ததால் மூன்று நாளாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டேன்.

"ஏண்டி, நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. நீ இந்தக் குமிழைப் பிடிச்சுக்கோ. கடைசி வரைக்கும் திருப்பி வை. நானே வந்து கையை வச்சாலும் விடாதே."

அம்மா குமிழை முழு சூட்டுக்குத் திருப்பி, குழந்தையின் கையைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டாள். நான் வெளியே போய் நின்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ரேடியேட்டருக்குள் மடக் மடக்கென்று ஒரு சத்தம். தண்ணீர் விருட்டென்று கீழே இறங்கியது. ஊற்றினேன், இறங்கியது. இன்னும் ஊற்றினேன், இன்னும் இறங்கியது. பெரிய பெரிய முட்டைகளாகக் காற்று வந்தது. கிட்டத்தட்ட ஒரு லிட்டரைக் குடித்துவிட்டு அது அடங்கியது. மூடியைப் போட்டு இறுக்கினேன். எஞ்சினுக்குப் பின்னால் இருந்த இரண்டாவது ஹோஸைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. விரலை எடுக்காமல் வைத்திருந்தேன். சுட ஆரம்பித்தது.

"அடியே, வருதுடி!" என்று உள்ளேயிருந்து கத்தினாள் அம்மா.

ஓடிப்போய் உட்கார்ந்தேன். சூடான காற்றோடு அந்தப் பழைய வாசனையும் வந்தது. தூசியும், காய்ந்த சீட் துணியும், அப்பாவின் தராசு எண்ணெயும் சேர்ந்த வாசனை. பல்லை ஆட்டி ஆட்டி நாங்கள் வாங்கிய பத்து நிமிடத்தின் வாசனை. அம்மா இரண்டு கைகளையும் காற்றுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

"இந்நேரத்துக்கு நிறுத்தியிருப்பார்" என்றாள். "எஞ்சினுக்குப் பாரம்னு."

தம்பிக்குப் போன் செய்து நீ வர வேண்டாம் என்று சொன்னேன். மாஸ்டருக்கும் போன் செய்து என் குட்டை நானே உடைத்தேன். "பொறு பொறு, சிரிக்க வைக்காதே, இடுப்பு போகுது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்த அம்மா, திரும்பிப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தாள். கைப்பை மடிக்கு வந்தது. என்ன கேட்பது, எதில் தொடங்குவது என்று ராத்திரியே பட்டியல் போட்டு வைத்திருந்தேன். ஊர் எல்லை தாண்டட்டும், அவளே ஆரம்பிப்பாள் என்று விட்டேன். ஹீட்டர் இதமாக ஊதிக்கொண்டிருந்தது. எல்லை தாண்டியது. திரும்பிப் பார்த்தேன். அம்மா தூங்கிவிட்டிருந்தாள்.

ஒரு வாரமாகப் பெட்டி கட்டின களைப்பு, தூங்கட்டும் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் ஆனது. மலை ஏற ஆரம்பித்தோம். இரண்டு மணி நேரம் ஆனது. வெளியே மரமெல்லாம் வெள்ளையாக உறைந்து நின்றன. அம்மாவின் கன்னம் இளஞ்சூட்டில் சிவந்து, வாய் லேசாகத் திறந்து, முட்டிகள் இரண்டும் வலியில்லாமல் தளர்ந்து கிடந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் காலத்தில் குளிரில் யாருக்கும் தூக்கம் வந்ததில்லை. அதனால்தான் வழியெல்லாம் பேசினாள். ஒரு வாரம் அலைந்து, ஆஸ்பத்திரிக் காவல்காரர் வரைக்கும் கேலி பேசவிட்டு, நான் பழுது பார்த்தது என் தலையிலேயே மண்ணைப் போட்டுக்கொள்கிற வேலை.

மூன்று மணி நேரம் ஆனது. இனி இருப்பது இறக்கம்தான். என் கை குமிழுக்குப் போனது. இந்தத் தடவை தெரிந்தேதான் போனது. ஒரே ஒரு திருப்பு. பத்து நிமிடத்தில் கார் ஆறிவிடும், அவள் முழித்துக்கொள்வாள், முழித்தால் பேசுவாள். மிச்சம் இருக்கிற நேரமாவது எனக்குக் கிடைக்கும். கை அங்கேயே இருந்தது. அவளுடைய முட்டியைப் பார்த்தேன். பஸ்ஸிலிருந்து அவளைத் தூக்கி இறக்கியது கண்ணுக்கு முன்னால் வந்தது. சீ, நீயெல்லாம் ஒரு மகளா என்று என்னையே திட்டிக்கொண்டு கையை எடுத்து ஸ்டீயரிங்கில் வைத்தேன். வாய்விட்டு அழுதால் முழித்துக்கொள்வாளே என்று அதையும் அடக்கிக்கொண்டேன்.

காருக்குள் சத்தமே இல்லாமல் இருந்தது தாங்க முடியவில்லை. அவள் சொல்லாவிட்டால் என்ன, நான் சொல்லிக்கொள்கிறேன் என்று மெதுவான குரலில் எனக்கு நானே ஆரம்பித்தேன்.

"எனக்கு ஏழு வயசு. பெட்ரோல் போடுறதுக்காக நிறுத்தினீங்க. நான் பாத்ரூம் போயிட்டு வரேன், வண்டியைக் காணோம். பங்க்காரர் ஒரு டின்னைக் கவிழ்த்துப் போட்டு உக்கார வச்சார். நான் அழவே இல்லை. அப்பா கண்ணாடியில பாத்திருக்கார். பின்னால ஒரு தலை குறையுதேன்னு சட்டுனு வண்டியைத் திருப்பி..."

"அவரா பாத்தாரு?"

அம்மாவின் கண் மூடியே இருந்தது. வாய் மட்டும் பேசியது.

"அப்பா அப்படித்தானேம்மா சொல்லுவார்."

"சொல்லுவாரு. ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாரு. போகட்டும்னு விட்டுட்டேன். அவரு ரோட்டைப் பாத்துட்டு வந்தாரு. உன் தம்பி தூங்கிட்டான். நான்தான் என் அக்கா கதையை சொல்லிட்டு வரேன். பின்னாலேர்ந்து 'உம்' கொட்டுற சத்தமே இல்லை. என்னடா இது, இவ உம் கொட்டலையேன்னு திரும்பிப் பாத்தா, சீட்டு காலி."

கண்ணாடியில் காலியாக இருந்த பின்சீட்டைப் பார்த்தேன்.

"நீ உம் கொட்டுவேன்னுதானேடி நான் பேசினதே" என்றாள் அம்மா. "அந்த ரெண்டு பேரும் எங்க கேட்டாங்க? நீ வேலைக்குன்னு தனியாப் போனப்புறம் இந்த வண்டியில நான் பேசினதே இல்லை. உங்கப்பாகூடக் கேப்பாரு, ஏன் வாயடைச்சுப் போயிட்டேன்னு."

அவள் கண்ணைத் திறந்து, சால்வையைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள். தம்பி வீட்டுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. பாதை கலங்கலாகத் தெரிந்ததால் வேகத்தைக் குறைத்தேன்.

"எங்க விட்டேன்?"

"சீட்டு காலியா இருந்துச்சு."

"ஆங். உடனே நான் வண்டியை நிறுத்துங்கன்னு கத்தினேன் பாரு..."

"உம்" என்றேன்.